கிரனாடாவின் பெண்கள்

அரசர்களின் வரலாற்றை எழுத அவைப் புலவர்கள் இருந்தார்கள். போர்களின் வரலாற்றை எழுத வென்றவர்கள் இருந்தார்கள். வீடுகளின் வரலாற்றை எழுத எவரும் இருந்ததில்லை. ஒரு நகரம் வீழும்போது கோட்டையின் சாவி யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று என்பதை நாள் தவறாமல் குறித்து வைக்கிறார்கள். அன்றிரவு அந்நகரத்து வீடுகளில் அடுப்பு எரிந்ததா, தாய்மார்கள் தம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி உறங்க வைத்தார்கள் என்பதை எந்த ஏடும் சொல்வதில்லை.

அந்தலுஸ் எனப்படும் முஸ்லிம் ஸ்பெயினின் வரலாறு நம்மவர்க்குப் புதியதன்று. தாரிக் இப்னு ஸியாத் கடல் கடந்து சென்றதையும், குர்துபாப் பள்ளிவாசலின் தூண்களையும், அல்ஹம்ரா அரண்மனையின் எழிலையும் நம் மேடைகளில் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். ஹிஜ்ரி 897, ரபீஉல் அவ்வல் பிறை 2இல், அதாவது 1492 ஜனவரி 2ஆம் நாள், கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் கிரனாடாவைப் பெர்டினாண்டு அரசரிடமும் இஸபெல்லா அரசியிடமும் ஒப்படைத்ததைக் கேட்டுக் கண்ணீர் வடித்திருக்கிறோம். அத்துடன் கதையை முடித்தும் விடுகிறோம்.

முடிக்கும்போது ஒரு காட்சியைத் தவறாமல் சொல்வார்கள். நகரைப் பிரிந்து மலைமேல் நின்று திரும்பிப் பார்த்து மன்னர் அழுதாராம். ஆணாக நின்று காக்க முடியாததற்காகப் பெண்ணாக அழுகிறாயோ என்று அவருடைய அன்னை ஆயிஷா இடித்துரைத்தாராம். கேட்பதற்கு உருக்கமான காட்சிதான். ஆயினும் இது பிற்காலத்தில் புனையப்பட்ட கதை என்பதே ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. கதை பொய்யாயினும், அது விட்டுச் சென்ற கருத்து நிலைத்துவிட்டது. காப்பது ஆண்களின் தொழில், அழுவது பெண்களின் தொழில் என்பது அக்கருத்து. கிரனாடா வீழ்ந்த பின் நடந்ததை ஊன்றிப் பார்ப்பவர்க்கு இது எவ்வளவு பெரிய அநீதி என்பது புலப்படும்.

வாக்குறுதியும் முறிவும்

1491 நவம்பரில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் முஸ்லிம்களுக்குப் பல உறுதிமொழிகள் தரப்பட்டிருந்தன. அவர்களுடைய மார்க்கத்துக்கும் பள்ளிவாசல்களுக்கும் சொத்துகளுக்கும் தீங்கு நேராது. வழக்குகள் ஷரீஅத்தின்படியே தீர்க்கப்படும். எவரையும் கட்டாயப்படுத்தி மதம் மாற்றுவதில்லை. இவ்வுறுதிமொழிகள் எட்டாண்டுகள்கூட முழுமையாக நிற்கவில்லை. 1499இல் பேராயர் ஸிஸ்னெரோஸ் கிரனாடாவுக்கு வந்தார். அதன்பின் ஞானஸ்நானம் வற்புறுத்தலாயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில் அல்பைஸீன் குடியிருப்பில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சிக்குத் தொடக்கமாக அமைந்தது ஒரு பெண்ணின் குரல். கிறிஸ்தவ மதத்திலிருந்து இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தைச் சேர்ந்த இளம்பெண் அவள். அதிகாரிகள் அவளைப் பிடித்துச் செல்ல முயன்றபோது, உடன்படிக்கைக்கு மாறாகத் தன்னை ஞானஸ்நானத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள் என்று நடுத்தெருவில் அவள் கூவினாள். அக்குரல் கேட்டு மக்கள் திரண்டனர். அரசர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கையின் வாசகத்தைத் தெருவில் நின்று நினைவூட்டியவள் ஒரு பெண். அவளுடைய பெயரை வரலாற்று ஆசிரியர்கள் சொல்லவில்லை. அவளைப் பிடிக்கச் சென்ற அதிகாரியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

கிளர்ச்சி அடக்கப்பட்டது. பாபுர் ரம்லா சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான அரபு நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் பயன் கருதித் தனியே எடுத்துச் செல்லப்பட்டன. 1502இல் காஸ்டில் நாட்டு முஸ்லிம்கள் ஞானஸ்நானம் பெற வேண்டும், இல்லையேல் வெளியேற வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1526க்குள் வலென்ஸியா, அரகோன் பகுதிகளிலும் அதே நிலை உண்டாயிற்று. வெளிப்பெயரில் கிறிஸ்தவர்களாகவும் உள்ளத்தில் முஸ்லிம்களாகவும் வாழ நேர்ந்த இம்மக்களை மொரிஸ்கோக்கள் என்று ஸ்பானியர் அழைத்தனர்.

பள்ளிவாசல்கள் மாதா கோயில்களாயின. மதரஸாக்கள் மூடப்பட்டன. காழியும் இல்லை, கதீபும் இல்லை. ஆண்கள் நடத்தி வந்த அமைப்புகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன. எஞ்சி நின்ற ஒரே அமைப்பு வீடு. வீட்டின் பொறுப்போ பெண்களுடையது.

வீடே மதரஸா

1504இல் அல்வஹ்ரானீ எனப்படும் அஹ்மத் இப்னு அபீ ஜும்ஆ என்னும் மார்க்க அறிஞர் இம்மக்களுக்கு ஒரு ஃபத்வா விடுத்தார். நிர்ப்பந்திக்கப்பட்டவனின் உள்ளம் ஈமானில் அமைதி கொண்டிருக்குமானால் அவன் மீது குற்றமில்லை என்னும் கருத்து ஸூரத்துந் நஹ்லின் 106ஆம் வசனத்தில் வருவதை நம்மில் பலரும் அறிவோம். அந்த அடிப்படையில் அவர் வழி சொன்னார். தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றுங்கள். பகலில் இயலாததை இரவில் நிறைவேற்றுங்கள். ஜகாத்தை ஏழைக்கு அன்பளிப்புப் போலக் கொடுங்கள். ஹராமானதை உண்ண வற்புறுத்தினால் உள்ளத்தால் வெறுங்கள் என்றார். ஃபத்வாவைக் கொடுத்தவர் ஓர் ஆலிம். அதை அடுக்களையிலும் கூடத்திலும் நாள்தோறும் நடத்திக் காட்ட வேண்டியிருந்தவர்கள் பெண்கள்.

குழந்தை பிறந்தால் மாதா கோயிலுக்குக் கொண்டு சென்றே ஆக வேண்டும். திரும்பி வந்ததும் நெற்றியில் பூசிய எண்ணெயைத் தாய்மார்கள் கழுவித் துடைத்தனர். ஏழாம் நாளில் குழந்தையைக் குளிப்பாட்டி, நல்லாடை உடுத்தி, கலிமாவைக் காதில் ஓதி, முஸ்லிம் பெயரைச் சூட்டினர். வெளியே ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். வீட்டுப் பெயரை வெளியில் சொல்லலாகாது என்பதை அக்குழந்தை எந்த வயதில், எவ்வாறு கற்றிருக்கும்? அதைக் கற்பிப்பது எளிய பாடமா? நம் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு செய்தியை ஒரு நாள் மறைத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள்! அத்தாய்மார்கள் மூன்று நான்கு தலைமுறை அந்தப் பாடத்தை நடத்தினார்கள்.

அரசும் இதை உணர்ந்திருந்தது. ஆகவேதான் பிற்காலச் சட்டங்கள் நேரே வீட்டின் கதவைத் தட்டின. 1567 ஜனவரி முதல் நாளில் கிரனாடாவில் வெளியான ஆணையைப் பாருங்கள். மூன்றாண்டுக்குள் அரபு மொழியைப் பேசுவதும் எழுதுவதும் ஒழிய வேண்டும். பெண்கள் முகத்தை மூடலாகாது. பழைய பட்டாடைகளை ஓராண்டுக்குள்ளும், மற்ற ஆடைகளை இரண்டாண்டுக்குள்ளும் கைவிட வேண்டும். மருதாணி இடலாகாது. குளிப்பறைகள் இடிக்கப்பட வேண்டும். வெள்ளிக்கிழமைகளிலும் பெருநாள்களிலும் திருமண நாள்களிலும் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். ஓர் அரசு பெண்களின் மருதாணிக்கு அஞ்சிச் சட்டம் இயற்றிற்று என்றால், அவ்வீடுகளில் நடந்து கொண்டிருந்தது என்ன என்பதை நாம் ஊகிக்கலாம்.

பிரான்ஸிஸ்கோ நூனெஸ் முலே என்னும் மொரிஸ்கோ முதியவர் இவ்வாணையை எதிர்த்து ஒரு விண்ணப்பம் எழுதினார். உடை மார்க்கமாகாது, அது நாட்டு வழக்கம். கிழக்கு நாடுகளில் கிறிஸ்தவர்களும் அரபு பேசி அந்நாட்டு உடையே உடுத்துகின்றனரே என்று வாதிட்டார். ஏழைப் பெண்கள் உள்ள துணியை எறிந்துவிட்டுப் புதுத்துணிக்கு எங்கே போவார்கள் என்றும் கேட்டார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

மறைத்து வைத்த எழுத்து

அரபு மொழி மெல்ல மறைந்த பகுதிகளில் இம்மக்கள் ஒரு வழி கண்டனர். தாம் பேசிய ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினர். அஜமிய்யா என்னும் சொல்லிலிருந்து அதற்கு அல்ஹமியாதோ என்று பெயர் வந்தது. இதைக் கேட்டதும் நமக்கு அரபுத் தமிழ் நினைவுக்கு வராமல் போகாது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி' போன்ற நூல்களை நம் பாட்டிமார் அரபுத் தமிழிலேயே ஓதி மார்க்கச் சட்டங்களைக் கற்றனர். நம்முடைய எழுத்து அச்சமின்றி வளர்ந்தது. அவர்களுடைய எழுத்து அகப்பட்டால் உயிருக்கே கேடு. இரண்டும் ஒரே தேவையிலிருந்து பிறந்தன. பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் தீனைச் சொல்ல வேண்டும், எழுத்து மட்டும் குர்ஆனின் எழுத்தாக இருக்க வேண்டும் என்பதே அத்தேவை.

அவ்வேடுகளில் தொழுகை முறையும் துஆக்களும் மட்டும் இருக்கவில்லை, கதைகளும் இருந்தன. அவற்றுள் கார்கயோனா என்னும் அரசகுமாரியின் கதை ஒன்று. சிலை வணங்கும் அரசனின் மகளான அவள் ஏக இறைவனை ஏற்கிறாள். தந்தை சினந்து அவள் கைகளை வெட்டிக் காட்டுக்குத் துரத்துகிறான். துன்பங்கள் பல பட்ட பின் இறைவன் அவள் கைகளை மீட்டுத் தருகிறான். எல்லாம் பறிக்கப்பட்ட ஒரு சமுதாயம் இக்கதையைத் தன் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஏன் சொல்லிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை.

1884இல் அரகோன் பகுதியில் உள்ள அல்மொனாஸித் தெ லா ஸியெர்ரா என்னும் ஊரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, பொய்த்தளத்துக்கு அடியில் இத்தகைய கையெழுத்து ஏடுகள் கட்டுக்கட்டாக வெளிப்பட்டன. அறியாதவர் கையில் ஒரு பகுதி அழிந்தது. எஞ்சியவை இன்று நூலகங்களில் உள்ளன. மறைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்க எண்ணியே மறைத்திருப்பார்கள். அதற்கான நாள் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

பதினாறாம் நூற்றாண்டில் அரெவாலோ இளைஞர் என்ற பெயரில் அறியப்படும் எழுத்தாளர் ஒருவர், தீனின் அறிவைத் தேடி ஊர் ஊராய்ச் சுற்றி எழுதினார். கிரனாடாவில் அவர் சந்தித்த பேரறிஞர்களுள் ஒருவர், தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி. குர்ஆனின் பொருளை விளக்குவதில் அவருக்கு நிகரில்லை என்று அவ்விளைஞர் போற்றுகிறார். நகர வீழ்ச்சியில் சுற்றத்தாரை இழந்து தனித்து நின்றவர் அவர். ஆனால் அந்த மூதாட்டியை நாம் 'உபெதா ஊர்ப் பெண்மணி' என்றே குறிக்க வேண்டியிருக்கிறது. அவருடைய பெயர் ஏட்டில் இல்லை.

பகைவரின் பதிவேடு

இவர்களுடைய பெயர்கள் மிகுதியாக எங்கே பதிவாகியிருக்கின்றன தெரியுமா? இன்குவிஸிஷன் என்னும் மத விசாரணை மன்றத்தின் ஏடுகளில்! 1526இல் கிரனாடாவில் அம்மன்றம் அமர்ந்தது. வெள்ளிக்கிழமையில் தூய ஆடை உடுத்தாள், பன்றி இறைச்சியை மறுத்தாள், மய்யித்தை முறைப்படி கழுவினாள், ரமளானில் பகலில் உண்ணவில்லை என்ற குற்றச்சாட்டுகளின் கீழ்ப் பெண்கள் நிறுத்தப்பட்டனர். யார் அவர்களை அழிக்க எண்ணினரோ அவர்களுடைய எழுத்தரின் எழுதுகோலே அப்பெண்களின் பெயரையும் சொல்லையும் நமக்குக் காத்துத் தந்திருக்கிறது. இது அல்லாஹ்வின் ஏற்பாடு என்று கொள்வோருக்கு அதில் படிப்பினை உண்டு.

உண்மையைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாப் பெண்களும் உறுதியாக நின்றனர் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது, புகழ்மாலை ஆகிவிடும். அச்சத்தால் அண்டை வீட்டாரைக் காட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. புதிய மதத்தை மனமார ஏற்றவர்களும் உண்டு. களைத்துப் போய் எதையும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் நடுவே நின்றவர்களின் உறுதி அதனால் இன்னும் மதிப்புப் பெறுகிறது.

1568 டிசம்பரில் அல்புஹாராஸ் மலைப்பகுதியில் பெரும் கிளர்ச்சி எழுந்து 1571 வரை நீடித்தது. கலேரா முற்றுகையில் ஆண்களுடன் நின்று பெண்களும் போரிட்டதை எதிர்த்தரப்பு ஆசிரியர்களே எழுதியுள்ளனர். தோல்விக்குப் பின் ஆயிரக்கணக்கான பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர். 1570இல் கிரனாடா நாட்டிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் குளிர்காலத்தில் நடத்திச் செல்லப்பட்டு ஸ்பெயினின் பிற பகுதிகளில் சிதறடிக்கப்பட்டனர். இறுதியில் 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3,00,000 பேர் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டனர். பல இடங்களில் சிறு குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து நிறுத்திக்கொண்டனர்.

கடலைக் கடந்தவர்கள் மொராக்கோவிலும் துனீஸியாவிலும் குடியேறினர். முன்னரே சென்றவர்களால் புதுப்பிக்கப்பட்ட தித்வான் நகரை 1515 முதல் 1542 வரை ஆண்டவர் அந்தலுஸ் வழிக் குடும்பத்தில் வந்த ஒரு பெண்மணி. அஸ்ஸய்யிதத்துல் ஹுர்ரா என்று வரலாறு அவரை அழைக்கிறது. பாஸ் நாட்டு சுல்தான் 1541இல் அவரை மணமுடிக்கத் தம் தலைநகரை விட்டுத் தித்வானுக்கே வந்தார். இழந்த நகரத்தின் மக்களைக் கொண்டு ஒரு நகரத்தை நடத்திக் காட்டியவர் அவர்.

புதினம் செய்த பணி

ஏடுகள் விட்டுவிட்ட இந்த வீடுகளின் கதையை நம் காலத்தில் ஒரு பெண்மணி எழுதினார். எகிப்தைச் சேர்ந்த ரள்வா ஆஷூர் (1946–2014) கெய்ரோவின் ஐனு ஷம்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 'கர்னாத்தா' என்னும் முதற்பகுதி 1994இலும், 'மர்யமா', 'அர்ரஹீல்' என்னும் மற்ற இரு பகுதிகள் 1995இலும் வெளிவந்தன.

அவர் அரசரையோ படைத்தலைவரையோ கதைத்தலைவராகக் கொள்ளவில்லை. அல்பைஸீனில் நூல்களுக்குக் கட்டமைக்கும் தொழில் செய்யும் அபூ ஜஅஃபர் என்னும் முதியவரின் குடும்பத்தை எடுத்துக்கொண்டார். தம் கையால் கட்டமைத்த நூல்கள் எரிவதைக் காணும் அம்முதியவரின் உள்ளம் உடைகிறது. அவருடைய பேத்தி ஸலீமா நூல்களைத் தேடிப் படித்து மருத்துவம் கற்கிறாள். அக்கல்வியே சூனியம் என்று குற்றமாக்கப்பட்டுத் தீயில் இடப்படுகிறாள். பேரனின் மனைவி மர்யமாவோ பெரும்படிப்புப் படித்தவள் அல்லள். சமயோசித அறிவும் தயங்காத நாவும் உடையவள். அவ்விரண்டையும் கொண்டு தன்னைச் சேர்ந்தவர்களைக் காக்கிறாள். தன் பேரன் அலீயை வளர்த்து ஆளாக்குகிறாள். முதுமையில் நகரை விட்டு நடத்திச் செல்லப்படும் வழியில் உயிர் விடுகிறாள். கதையின் முடிவில், நாடு கடத்தும் கப்பல்கள் காத்திருக்கும் கரையிலிருந்து அலீ, மர்யமா அடங்கிய மண்ணை நோக்கித் திரும்புகிறான்.

அக்குடும்பம் கற்பனைக் குடும்பம். ஆனால் அவர்கள் மீது விழும் ஒவ்வோர் ஆணையும் உண்மையில் பிறந்தது. ஆண்டுகள் உண்மை, நெருப்பு உண்மை, பயணம் உண்மை. நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு பெருந்துயரை ஐந்து தலைமுறைக் குடும்பக் கதையாக்கியதால், படிப்பவர்க்கு அது தம் வீட்டில் நடந்ததாகவே ஆகிவிடுகிறது.

கதை பொய்யா?

இவ்விடத்தில் நம் பெரியோர் சிலர் கேட்பது உண்டு: கற்பனைக் கதை பொய்யல்லவா, அதை மார்க்கம் விரும்புமா என்று. கேள்வி நியாயமானதே. மதரஸாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் 'மகாமாத்' நூலை இயற்றிய இமாம் ஹரீரி (வபாத் ஹிஜ்ரி 516) இதே கேள்விக்கு அந்நூலின் முன்னுரையில் மறுமொழி கூறியுள்ளார். செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை; படிப்பினைக்காகச் சொல்லும் கதை, ஏமாற்றுவதற்காகச் சொல்லும் பொய் ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்பவர், சொல்பவர் இருவருக்கும் இது கதை என்று தெரிந்திருக்கையில் அங்கே வஞ்சனை இல்லை.

எனினும் ஓர் எல்லை உண்டு. கதையை வரலாறு என்று சொல்லத் தொடங்கும் போதுதான் பொய் நுழைகிறது. அபூ அப்தில்லாஹ்வின் அன்னையைப் பற்றிய கதை வரலாறாக உலவியதால்தான் ஒரு தலைமுறைப் பெண்களின் உழைப்பு மறைந்து போயிற்று. ரள்வா ஆஷூர் தம் நூலைப் புதினம் என்றே தந்தார். முன்னது கதை என்று சொல்லாத கதை. பின்னது கதை என்று சொல்லி உண்மையின் பக்கம் நம்மைத் திருப்பிய கதை.

செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடர் தொடராக ஆராயும் இஸ்நாது முறையை உலகுக்குத் தந்தவர்கள் நாம். அத்தொடரில் பெண்களின் இடம் சிறியதன்று. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்த ஹதீஸ்கள் 2,210 என்பர். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா அம்மையாரிடம் ஸஹீஹுல் புகாரியைக் கற்கப் பேரறிஞர்கள் அமர்ந்தனர். கதீப் அல்பக்தாதி அவர்களுள் ஒருவர். அறிவிப்பாளர்களின் குறைகளை ஈவிரக்கமின்றி ஆராய்ந்த இமாம் தஹபீ (வபாத் ஹிஜ்ரி 748), பொய்யுரைத்தவர் என்று பழி சுமத்தப்பட்ட பெண் ஒருவரையும் தாம் அறியவில்லை என்று எழுதி வைத்தார். இத்தகைய மரபினர், வீட்டு மூதாட்டியின் சொல்லைப் 'பாட்டி கதை' என்று தள்ளுவது எவ்விதத்தில் பொருந்தும்?

நம் வீடுகளிலும் ஏடுகள் பெட்டிக்குள் உறங்குகின்றன. அரபுத் தமிழை ஓதத் தெரிந்த மூதாட்டியர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். கணவர் கடல் கடந்து வணிகத்துக்குச் சென்ற ஆண்டுகளில் வீட்டையும் பிள்ளைகளையும் கடன்களையும் தனியே தாங்கி நின்ற பெண்கள் நம் கடற்கரை ஊர்களில் எத்தனை பேர்! அவர்களுடைய கதையைக் கேட்க எந்த மத விசாரணை மன்றத்து எழுத்தரும் வரப்போவதில்லை. நாமேதான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் முறை உண்டு. வீட்டில் மூத்த பெண்மணியிடம் அமர்ந்து அவர் தாயின் பெயர், தாயின் தாய் பெயர் என்று தொடங்குங்கள். அவர் கண்ணால் கண்டதைத் தனியே எழுதுங்கள். பிறர் சொல்லக் கேட்டதை, சொன்னவர் பெயருடன் தனியே எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள். பெருமைக்காக எதையும் சேர்க்காதீர்கள். வெட்கத்துக்காக எதையும் நீக்காதீர்கள். பிற்காலத்தில் உங்கள் பேத்தியொருத்தி அதைக் கொண்டு புதினம் எழுத விரும்பினால் எழுதட்டும். அவளுக்குக் குறைந்தது பெயர்களேனும் கிடைத்திருக்கும்.

உபெதா ஊர்ப் பெண்மணியின் பெயரை அல்லாஹ் அறிவான். அவனிடத்தில் எந்தப் பெயரும் தொலைவதில்லை. நம்மிடத்தில்தான் தொலைகிறது. அந்த மூதாட்டிக்கும், கலிமாவைக் காதில் ஓதிவிட்டு அதை வெளியே சொல்லாதே என்று கற்பித்த அத்தனை தாய்மார்களுக்கும் அவன் தன் பேரருளைப் பொழிவானாக!